இறுகிப்போன ஒபினெல் 8: ஒரு மலிவு மடக்குக் கத்தியை மீட்டு மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் பிறந்த ஒபினெல் மடக்குக் கத்தி. அதிலும் மிகப் பரவலாக விற்கும் 8ஆம் எண் அளவு, கார்பன் எஃகு அலகு, பீச் மரப் பிடி கொண்டது. லியோன் நகரின் பழம்பொருள் சந்தை ஒன்றில், துருப்பிடித்த சாவிகளோடும் கரண்டிகளோடும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்ததை ஐந்து யூரோவுக்கும் குறைந்த விலையில் வாங்கினேன். அலகு பிடிக்குள் மடங்கியபடியே இறுகியிருந்தது. நகம் கொடுத்து இழுத்தால் அசையவில்லை. பிடியின் வார்னிஷ் பாதி உரிந்து, மீதி தேன் நிறத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. இதே கத்தியைப் புதிதாக வாங்கினாலும் பத்துப் பதினைந்து யூரோதான் ஆகும் என்பதால், விலையை மட்டும் பார்ப்பவர் இதைத் தூக்கி எறிந்திருப்பார். எனக்கு இது வேறொரு வாய்ப்பாகத் தெரிந்தது. ஒபினெலை மாற்றியமைப்பவர்களில் பலர் அதன் தோற்றத்தில்தான் கை வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கத்தியின் உண்மையான குறை, மரமும் எஃகும் சந்திக்கும் அந்த ஒரு மூட்டில்தான் இருக்கிறது என்பதும், முதல் வேலை அங்கேயே தொடங்க வேண்டும் என்பதும் என் நெடுநாள் கருத்து. அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க, ஏற்கெனவே மூட்டு கெட்டுப்போன கத்தியை விடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

கத்தியின் பின்னணி

ஜோசப் ஒபினெல் 1872இல் பிறந்தவர். சேன்-ழான்-த-மோரியேன் ஊருக்கு மேலே, அல்பியே-ல-வியூ என்ற மலைக் கிராமத்தைச் சேர்ந்த குக்கிராமம் ஒன்றில் அவருடைய குடும்பம் கோடரி, அரிவாள் போன்ற வெட்டுக்கருவிகளைச் செய்துவந்தது. தந்தையின் பட்டறையிலேயே, 1890இல், தம் பதினெட்டாம் வயதில், உழவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படியான எளிய கத்தி ஒன்றை அவர் வடிவமைத்தார். 1897இல் அது 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் வந்தது. பின்னாளில் 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் கைவிடப்பட்டன. வெகுகாலம் கழித்து 13 என்ற பேருருவம் ஒன்று சேர்ந்தது. அலகில் பொறிக்கப்பட்டிருக்கும் முடிசூடிய கை 1909இலிருந்து வரும் முத்திரை. ஆசி வழங்கும் அந்தக் கை சேன்-ழான்-த-மோரியேன் ஊரின் சின்னத்தில் உள்ள புனித திருமுழுக்கு யோவானின் கை. மேலேயுள்ள முடி சவ்வா கோமகனாட்சியைக் குறிப்பது.

இதில் உறுப்புகள் மிகக் குறைவு. மரப்பிடி, அலகு, பிடியின் தலையில் இறுக்கமாக ஏறிய உலோகப் பூண், பூணையும் மரத்தையும் அலகையும் ஊடுருவிச் செல்லும் ஒரு ரிவெட், பூணின்மேல் சுழலும் பிளந்த வளையம் ஆகியவை மட்டுமே. அந்தச் சுழலும் வளையத்துக்கு விரோப்லாக் என்று பெயர். குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த மர்செல் ஒபினெல் 1955இல் உருவாக்கியது. திறந்த அலகு விரல்மேல் மடங்கிவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஸ்பிரிங் எதுவும் கிடையாது, திருகாணியும் கிடையாது. இவ்வளவு எளிமையான அமைப்பாக இருப்பதால்தான் விலை குறைவாக இருக்கிறது. வீட்டு மேசையில் சாதாரணக் கருவிகளோடு உட்கார்ந்து மாற்றியமைக்கவும் முடிகிறது.

8ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ. நீளம், பிடி 11 செ.மீ. நீளம். அலகின் தடிமன் முதுகில் சுமார் 1.7 மி.மீ.தான், அங்கிருந்து வாய்வரை மெல்லியதாக இறங்கிவரும். முழுக் கத்தியின் எடை 45 கிராம் அளவில் இருக்கும். தடித்த அலகுள்ள விலையுயர்ந்த மடக்குக் கத்திகள் ஆப்பிளைப் பிளக்கும் இடத்தில் இது ஆப்பிளை நறுக்கும். இந்த மெல்லிய அலகுக்காகவே இதை நான் விரும்புகிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

காலத்தையும் உலோகத்தையும் அறிதல்

வேலை தொடங்குமுன் கத்தியின் வயதை ஓரளவு அறிய முடிந்தது. சுழலும் வளையம் இருப்பதால் இது 1955க்கு முந்தியது அல்ல. 2000ஆம் ஆண்டு முதல் வந்த கத்திகளில் வளையம் அலகைத் திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் பூட்டும். இதிலோ, மடக்கிய நிலையில் வளையத்துக்குத் திரும்ப இடமே இல்லை. ஆக, இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது.

எஃகு எந்த வகை என்பதற்குக் காந்தம் பயன்படாது. ஒபினெல் பயன்படுத்தும் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டும் வகைதான். பிடியிலிருந்து வெளியே தெரியும் முதுகுப் பகுதியில் ஓரிடத்தைத் துடைத்து, ஒரு சொட்டு வினிகர் வைத்துச் சற்று நேரம் விட்டதில், வட்டமான சாம்பல் கறை விழுந்தது. கார்பன் எஃகு என்பது உறுதியாயிற்று. இன்றைய கார்பன் அலகுகள் ஏறத்தாழ 0.9 சதவீதம் கார்பன் கொண்ட எக்ஸ்சி90 வகை எஃகால் ஆனவை. குரோமியம் இல்லாததால் எளிதில் துருப்பிடிக்கும், அதே சமயம் சாணைக்கல்லில் எளிதில் கூர்மை ஏறும்.

மூட்டு ஏன் இறுகியது

பீச் மரம் அடர்த்தியானது, கடைசலுக்கு இணங்கி வருவது, நார் நெருக்கமானது, பிரான்சில் ஏராளமாகக் கிடைப்பது. இத்தனை நற்குணங்களோடு ஒரு பெருங்குறையும் அதற்கு உண்டு: ஈரத்துக்கு ஏற்ப அது பெருத்துச் சுருங்கும் அளவு மிக அதிகம். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் பீச் ஏறக்குறைய 12 சதவீதமும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறக்குறைய 6 சதவீதமும் சுருங்குகிறது. தேக்கில் இந்த அளவுகள் பாதிக்குப் பாதிதான். பிடி செய்யும்போது மரம் உலர்ந்திருந்தாலும், பிறகு நனைந்தால் சுருங்கியதில் ஒரு பகுதி திரும்பப் பெருக்கும்.

பிடியின் நடுப்பகுதியில் மரம் பெருத்தால் பெரிய கேடில்லை. வெளிப்பக்கம் காற்றுதான், மரம் வெளியே விரிந்துகொள்ளும். தலைப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே அலகின் அடிப்பகுதியை இருபுறமும் அணைத்து நிற்கும் மரக் கன்னங்களைச் சுற்றி எஃகுப் பூண் இறுகியிருக்கிறது. வெளியே விரிய வழி அடைபட்டதால் மரம் முழுவதும் உள்நோக்கியே பெருக்கிறது. அங்கே இருக்கும் இடைவெளியோ ஒரு தாளின் தடிமன் அளவுதான். ஆகவே, கத்தியைக் குழாய் நீரில் கழுவி அப்படியே மடக்கி வைத்தால், மறுநாள் அலகு வராது. இந்தப் பழைய கத்தியில் அதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்திருந்தது: ஈர மரத்தோடு ஒட்டியபடி அலகு துருப்பிடித்து, அந்தத் துருவும் இடத்தை அடைத்துக்கொண்டது.

சவ்வா மக்களுக்கு இந்தக் குறை தெரியாததல்ல. பிடியின் வால் முனையை ஒரு கடினமான பரப்பில் படாரென்று ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முனை சற்று எழும்பும். பிறகு விரலால் பிடித்து இழுத்துவிடலாம். 'சவ்வாக்காரன் தட்டு' என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. அந்த உத்தி நன்றாகவே பயன்படுகிறது. ஆயினும், அலகின் கூர்முனை எழும்பி நிற்கும் பக்கத்தில் விரலைக் கொண்டுபோக வேண்டியிருப்பதால், அதை அன்றாடப் பழக்கமாக்க நான் விரும்பவில்லை. மேலும், இந்தக் கத்தி அந்தத் தட்டுக்கும் அசையவில்லை.

திறத்தல், உலர்த்தல், பள்ளத்தைச் சீர்செய்தல்

முதலில் விரோப்லாக் வளையத்தைக் கழற்றினேன். அதற்குப் பிளந்த வளையங்களை விரிக்கப் பயன்படும் சர்க்ளிப் பிளையர் போதும். வளையத்தின் பிளவில் பிளையரின் இரு முனைகளையும் கொடுத்து, பூணிலிருந்து விடுபடும் அளவுக்கு மட்டும் விரித்து முன்பக்கமாக எடுக்க வேண்டும். அதற்கு மேல் விரித்தால் வளையத்தின் இறுக்கம் போய்விடும். பூட்டு முழுவதும் அந்த இறுக்கத்தை நம்பியே இருக்கிறது. வளையத்தின் உட்புறத்தில் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புப் பசையாகப் படிந்திருந்தது.

பிறகு கத்தியை உலர விட்டேன். கணப்பின் மேலோ அடுப்பிலோ வைத்து அவசரப்படுத்தவில்லை. மேற்பரப்பு முந்திச் சுருங்கி உட்பகுதி ஈரமாகவே இருந்தால் மரம் வெடிக்கும், அதிலும் அலகு மடங்கி உள்ளே அமரும் பள்ளத்தின் ஓரமாகவே வெடிக்கும். குளிர்காலத்தில் கணப்பு ஓடும் அறையின் காற்றே போதிய அளவு உலர்ந்திருக்கும். நன்றாக உலர்ந்த பிறகு, மூட்டில் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு ஊறவைத்து, அலகின் முதுகைத் தோல் துண்டால் போர்த்திப் பிளையரால் பிடித்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்ததில் அலகு வெளியே வந்தது.

பள்ளத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது, மூட்டு எங்கே இறுகியது என்பதை மரமே காட்டியது. பள்ளத்தின் நீளமான பகுதி வெளிர் பழுப்பாகவே இருந்தது. பூணை ஒட்டிய விரற்கடை நீளத்துக்கு மட்டும் இரண்டு கன்னங்களிலும் மையைப் பூசியது போன்ற கருஞ்சாம்பல் பட்டை. அதன் நடுவே, அலகு அழுத்தி அழுத்திப் பளபளப்பேறிய ஒரு திட்டு. ஈர மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு கலந்தால் வரும் கறை அது. ஆகவே கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மரத்தைக் குறைக்க வேண்டும். மற்ற இடத்தில் ஒரு துகளைக்கூட எடுக்கத் தேவையில்லை.

பல் தேய்த்து மழுக்கிய ஹேக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, அதன் இருபுறமும் 240 எண் உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்துக்குள் விட்டுக் கறை படிந்த பகுதியை மட்டும் தேய்த்தேன். ஒரு கன்னத்தில் அதிகமாகவும் மறு கன்னத்தில் குறைவாகவும் எடுத்தால் அலகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் என்பதால், இரு புறமும் மாற்றி மாற்றிச் செய்வது அவசியம். அளவுகோலாகச் சாதாரண எழுதுதாளைப் பயன்படுத்தினேன். அச்சுக்குப் பயன்படும் 80 கிராம் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அலகுக்கும் கன்னத்துக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் ஒரு தாள் உராய்ந்தபடி நுழையும் அளவில் நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் போனால் மழைக்காலத்தில் சுகமாகவும், கணப்புக் காலத்தில் தளர்ந்து ஆடும்படியாகவும் ஆகிவிடும். ரிவெட்டைச் சுற்றியுள்ள கடைசிப் பகுதிக்கு அந்தப் பிளேடு எட்டாது. ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து அலகைத் தனியே பிரிப்போரும் உண்டு. ஆனால் பிரித்த பிறகு புது ரிவெட்டைச் சரியான இறுக்கத்தில் அடித்துப் பொருத்துவது தேர்ந்த கை வேண்டும் வேலை. எட்டாத அந்தப் பகுதியை மெழுகுக்கு விட்டுவிடலாம் என்பது என் முடிவு.

எண்ணெயும் மெழுகும்

தேய்த்த மரம் முன்பைவிட வேகமாக ஈரத்தை இழுக்கும் என்பதால், இந்தக் கட்டத்தை நிறைவாகச் செய்யாவிட்டால் மேலே சொன்ன வேலையெல்லாம் வீண். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய பிசினாக இறுகும் தன்மை கொண்டது. அதுதான் மரத்துக்கு உகந்தது. நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது தேங்காயெண்ணெயாக இருப்பதால் இதைச் சற்று விளக்கிச் சொல்கிறேன். தேங்காயெண்ணெய் ஒருபோதும் உலர்ந்து இறுகாது. மரத்துக்குள் எண்ணெயாகவே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். நல்லெண்ணெய் அரைகுறையாக உலர்ந்து பிசுபிசுப்பாக நிற்கும். அலகுக்குத் தடவத் தேங்காயெண்ணெய் நல்லதுதான், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் லியோனின் குளிரில் அதைக்கூட முதலில் உருக்க வேண்டும்.

கடைகளில் 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் வேகமாக உலரச் செய்யும் உலோகச் சேர்மங்கள் பெரும்பாலும் கலந்திருக்கும். உணவைத் தொடும் கத்தி என்பதால் எதுவும் கலக்காத எண்ணெயையே எடுத்துக்கொண்டேன். அது இறுக வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். மெல்லிய பூச்சாகத் தடவி, ஊறியது போக மிஞ்சியதை முழுவதும் துடைத்து, இறுகிய பின் அடுத்த பூச்சு என்று செய்ய வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றிய நிகழ்வுகள் பல உண்டு. துணியை நீரில் நனைத்தோ, விரித்துத் தொங்கவிட்டு உலர்த்தியோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

எண்ணெய் இறுகிய பிறகு தேன்மெழுகு. 62 முதல் 64 டிகிரியில் உருகும் அந்த மெழுகைச் சிறிது எண்ணெயோடு சேர்த்து உருக்கி, கத்தியின் தலைப்பகுதியை முடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கி, அலகைத் திறந்தும் மடக்கியும் ரிவெட்டைச் சுற்றி ஊற்றினேன். சூடான மரம் மெழுகை உள்ளே இழுத்துக்கொள்வதை நேரில் பார்க்கலாம். குட்டையாக நின்ற மெழுகு சட்டென்று வற்றிவிடும். வற்றுவது நின்றதும் போதும். குளிர்ந்த பின் பள்ளத்தில் மிஞ்சிய மெழுகை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். எண்ணெயும் மெழுகும் ஈரத்தை முற்றிலும் தடுப்பவை அல்ல, அது உள்ளே போகும் வேகத்தைக் குறைப்பவை மட்டுமே. கழுவித் துடைத்து உலர விடும் கத்திக்கு அந்த வேகக் குறைப்பே போதுமானது. இரவு முழுவதும் நீரில் ஊறும் கத்திக்கு எந்தப் பூச்சும் உதவாது.

பிடியின் உருவம்

பிடியின் பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்க்காமல், கூரான எஃகுத் தகட்டால் சுரண்டினேன். உப்புத்தாள் உரித்த வார்னிஷையே மரத்தின் துளைகளில் திணித்துவிடும். வார்னிஷ் போனதும் பீச் மரத்துக்கே உரிய சிறு பழுப்புப் புள்ளிகள், எள்ளை நீட்டி வைத்தாற்போல, பிடியின் ஒரு பக்கம் முழுவதும் தெரியத் தொடங்கின. இந்த அழகை ஒரு கனத்த வார்னிஷ் மறைத்துவைத்திருந்தது என்பதே எனக்கு வருத்தம்.

உருவத்தில் நான் செய்த மாற்றம் ஒன்றுதான். ஒபினெல் பிடி உருண்டையானது. ரொட்டிக்கும் பழத்துக்கும் அது பொருத்தம். ஆனால் போஃபோர் போன்ற கெட்டியான மலைப் பாலாடைக்கட்டியை அழுத்தி வெட்டும்போது பிடி கைக்குள் உருளப் பார்க்கும். எனவே இரு பக்கங்களிலும் மெல்லிய தட்டையான முகம் ஒன்றை அரத்தால் எடுத்து, 120, 240, 400 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு மழமழப்பாக்கினேன். இடையில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, சிலிர்த்தெழுந்த நார்களை மீண்டும் தேய்த்தெடுத்தால், பின்னாளில் கை ஈரத்தில் பிடி சொரசொரப்பாகாது. பூணுக்கு அடியிலும் அதை ஒட்டியும் மரத்தைத் தொடவே கூடாது; பூணின் பிடிமானம் அந்தத் தடிமனை நம்பியிருக்கிறது. பள்ளத்தின் பக்கச் சுவர்களும் அப்படியே. அலகு 8.5 செ.மீ., பிடி 11 செ.மீ. என்பதால், வாலில் இரண்டு செ.மீ. அளவு மட்டுமே முழு மரம். கயிறு கோக்கத் துளையிட விரும்புவோர் அந்தப் பகுதிக்குள்தான் இட வேண்டும்.

பிடியைக் கறுப்பாக்கும் வழி ஒன்றும் உண்டு: இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறவைத்த நீரைத் தடவினால் மரத்திலுள்ள துவர்ப்போடு சேர்ந்து கறுக்கும். பீச் மரத்தில் துவர்ப்புக் குறைவு என்பதால் முதலில் கடுந்தேநீர் பூச வேண்டும். பார்க்க அழகாகவே இருக்கும். இந்தப் பிடிக்கு அது தேவைப்படவில்லை.

அலகு

சிவந்த துரு இருந்த இடங்களில் மட்டும் எண்ணெயும் மிக நைசான இரும்புக் கம்பளியும் கொண்டு தேய்த்தேன். கருஞ்சாம்பலாக இறுகியிருந்த பழைய படலத்தை அப்படியே விட்டேன். சிவப்புத் துரு பொருபொருத்து ஈரத்தைப் பிடித்துவைத்து மேலும் அரிக்கும். கறுத்த படலம் எஃகை ஒட்டிப் படிந்து அரிப்பை மெதுவாக்கும். இரண்டும் இரும்பின் ஆக்சைடுகளே என்றாலும் ஒன்று கேடு, மற்றொன்று காப்பு. எங்கள் வீட்டு அரிவாள்மனை வாழைக்காயும் மாங்காயும் நறுக்கி நறுக்கி அடைந்திருந்த அதே கறுப்புத்தான் இது.

புதிய கார்பன் அலகு வாங்குவோர் வினிகரிலோ டிஜோன் கடுகு விழுதிலோ தோய்த்து அந்தப் படலத்தை ஒரே நாளில் வரவழைக்கிறார்கள். சோப்பால் எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்கி, இளஞ்சூடான வினிகரில் சிறிது நேரம் வைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசித் துடைத்து எண்ணெய் தடவினால் சீரான சாம்பல் நிறம் கிடைக்கும். பிடியோடு சேர்த்து முக்கிவிடாமல் அலகை மட்டும் முக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். எனக்கு, பழமும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நறுக்கித் தானாக வரும் படலமே உகந்தது. வினிகர்ப் படலம் சீராக இருந்தாலும் எளிதில் உரசிப் போகிறது. பயன்பாட்டில் வந்தது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நிலைக்கிறது. தொடக்கத்தில் சில நாள் ஆப்பிளில் லேசான இரும்பு வாடை இருக்கும், அவ்வளவுதான்.

கூர் பக்கத்தில் இருந்த சிக்கல் பெரிது. முன்பு வைத்திருந்தவர் சுழலும் சாணையில் பிடித்திருக்கிறார். அடிப்பகுதியில் வாய் உள்வாங்கிக் குழிந்திருந்தது. பலகைமேல் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும், வெங்காயம் அறுபடாமல் நார்நாராகத் தொங்கும். எஃகு சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் பதம் போயிருக்கும். நீலம் ஏற ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும், இந்த எஃகின் பதம் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். நல்லவேளையாக நீலத்தின் தடயம் இல்லை. நைசான அரத்தை வாயில் வைத்து இழுத்தபோது கடிக்காமல் வழுக்கியது, ஆகவே பதம் இருந்தது. 400 எண் கல்லில், அடிமுதல் நுனிவரை ஒரே சீரான வளைவு வரும்வரை தேய்த்து, அதன்பின் 1000, 4000 கற்களில் பக்கத்துக்கு 20 டிகிரி அளவில் கூர் ஏற்றி, தேய்ப்பதால் வாயோரம் எழும் பிசிறைத் தோலில் இழுத்து எடுத்தேன். கார்பன் எஃகில் பிசிறு சுத்தமாகக் கழன்றுவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகில் அது மடங்கி மடங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். கூர் ஏற்றும் கலையைக் கற்க விரும்பும் ஒருவருக்கு இந்த அலகைவிட நல்ல ஆசிரியர் இந்த விலையில் இல்லை.

வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி, பிளவை விரலால் சற்று நெருக்கி, மீண்டும் ஏற்றினேன். அதன் விளிம்பு ஒரு பக்கம் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், திருப்பத் திருப்ப அலகின் அடியை நெருக்கும். இறுதிவரை வலிந்து திருப்பாமல், எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்திவிட்டால் வளையம் நெடுநாள் உழைக்கும்.

சோதனை

மாற்றியமைத்த கத்தியையும், புதிதாக வாங்கி எதுவும் செய்யாத அதே எண் கத்தி ஒன்றையும் ஒரே ஈரத்துணியில் தலைப்பகுதி படும்படி சுற்றி ஓர் இரவு வைத்தேன். காலையில் புதிய கத்தியை நகத்தால் திறக்க முடியவில்லை. தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழையது சற்று இறுக்கமாக, ஆனால் நகத்துக்கே வந்தது. அதன்பின் இரண்டையும் கணப்பு ஓடும் அறையில் உலர வைத்தபோது, புதியது பழைய நிலைக்குத் திரும்பியது. பழையதில் மிக மெல்லிய பக்க ஆட்டம் தெரிந்தது. வளையத்தைத் திருப்பியதும் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. ஈரக் காலத்துத் தாராளத்துக்கு உலர்காலத்தில் கொடுக்கும் விலை அது. இரு காலத்துக்கும் ஒரே பொருத்தம் பீச் மரத்தில் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டே இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுந்திருக்கும் கடலோர ஊர்களில் ஒரு தாளுக்குச் சற்று அதிகமாகவே இடம் விடலாம். அங்கே துருப்பிடிக்காத எஃகு அலகுள்ள வகையை எடுப்பதும் அறிவுடைமை. மரத்தில் செய்யவேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்றே.

மரமே இல்லாத பிரெஞ்சு மடக்குக் கத்தியும் இருக்கிறது. தியேர் நகரில் 1929 முதல் செய்யப்படும் தூக்-தூக், மடித்த இரும்புத் தகட்டையே பிடியாகக் கொண்டது. அதற்கு ஈரத்தால் இறுகும் தொல்லை இல்லை. அதில் உரியவர் தம் கைக்கேற்ப மாற்றவும் ஏறக்குறைய எதுவும் இல்லை. ஒபினெலின் மரம்தான் அதன் குறைக்கும் காரணம், அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடிவதற்கும் காரணம். பித்தளை ஆணிகள் பதிப்பதும், கருங்காலி ஒட்டுவதும், லேசரில் பெயர் பொறிப்பதும் தவறல்ல. ஆனால் மூட்டு இறுகும் கத்தியில் இவற்றைச் செய்வது, செலவையும் உழைப்பையும் திறக்க முடியாத ஒரு பொருளின்மேல் கொட்டுவதாகும். அத்தகைய கத்திகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பிரான்சில் தகுந்த காரணமின்றிக் கத்தியை உடன் எடுத்துச் செல்வது குற்றமாகலாம். பிரிட்டனில், காரணம் சொல்லாமல் வெளியே வைத்திருக்க அனுமதி உள்ளது பூட்டாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள மடக்குக் கத்திக்கு மட்டும்தான். 8ஆம் எண் பூட்டும் வகை, அதன் அலகும் அந்த அளவைவிட நீளம். ஆகவே லண்டனில் உள்ளவர்கள் இதை வீட்டிலோ சமையற்கட்டிலோ வைத்துக்கொள்வதே சரி.

இந்தக் கத்தியில் நான் தொடாமல் விட்டது ரிவெட். அதன் இரு தலைகளையும் சிறு பட்டடைக்கல்லில் வைத்து மெல்லச் சுத்தியால் தட்டினால் உலர்காலப் பக்க ஆட்டம் மறையும். ஆனால் அந்த இறுக்கம் பூணின் வழியாக மரக் கன்னங்களையே நெருக்கும் என்பதால், தேய்த்துப் பெற்ற இடைவெளியில் ஒரு பகுதி உடனே போய்விடும். வளையம் ஆட்டத்தை நிறுத்தும்வரை சுத்தியலுக்கு வேலையில்லை. இலையுதிர்கால மழை தொடங்குமுன் மூட்டில் மீண்டும் ஒருமுறை உருகிய மெழுகு விட வேண்டும், அவ்வளவே இப்போதைக்கு மிச்சமிருக்கும் பராமரிப்பு.